வெயிலில் தெரியும் கோடுகள்

கறுப்பு வண்டியை எப்படிப் பராமரிப்பது என்று யாரும் என்னிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது. கேட்டவர் பஸ்ஸைத் தவறவிடுகிற வரைக்கும் பேசுவேன். துபாயில் பதினோரு வருஷம் அதுதான் என் பிழைப்பு. முதல் மூன்று வருஷம் அடுக்குமாடிக் கட்டடங்களின் அடித்தளத்தில் வாளியும் கையுமாக வண்டி கழுவினேன். அதன்பிறகு ஒரு பாலிஷ் கடையில் சேர்ந்தேன். அங்கே வருகிற வண்டிகளில் பாதி கறுப்பு. பணக்காரர்களுக்குக் கறுப்பு மேல் அப்படியொரு ஆசை, கழுவுவது அவர்கள் இல்லை என்பதால்.

வெள்ளை வண்டியில் ஒரு வாரத் தூசி இருந்தாலும் தெரியாது. கறுப்பில் காலையில் துடைத்தால் மத்தியானமே தெரியும். தூசியைக்கூட மன்னித்துவிடலாம், கீறலைத்தான் மன்னிக்க முடியாது. பெயின்ட்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி மெல்லிசாக ஒரு பூச்சு இருக்கும். உலர்ந்த துணியை வைத்துத் தேய்த்தால் இடையில் மாட்டிய மண் அந்தப் பூச்சைச் சுரண்டிவிடும். நிழலில் ஒன்றும் தெரியாது. வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினால் வண்டி முழுக்க முடி முடியாகக் கோடுகள் எழும்பும். அதனால் முதலில் நல்ல தண்ணீரைச் சும்மா ஊற்றி மண்ணை ஓடவிட வேண்டும். பிறகு இரண்டு வாளி, ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே, நேர்கோட்டில். காக்கை எச்சம் விழுந்திருந்தால் தேய்க்கக் கூடாது, ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். வெயிலில் கழுவக் கூடாது. கடைசியில் மெழுகு. பார்த்தீர்களா, ஆரம்பித்துவிட்டேன்.

கடையில் எனக்கு இன்னொரு விஷயத்திலும் நல்ல பெயர் உண்டு. வண்டியில் இருக்கும் கீறலைப் பார்த்தே துடைத்தவன் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுவேன். கோடு வட்டமா நீளமா, எந்த உயரத்தில் நிற்கிறது, எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தால் போதும், ஆள் உயரமா குள்ளமா, வலக்கையா இடக்கையா என்று தெரிந்துவிடும். புதிதாகச் சேர்ந்த மலையாளிப் பையன்களும் நேபாளிகளும், மந்திரம் எதுவும் வைத்திருக்கிறேனா என்று கேட்பார்கள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. பின்னால் நடந்ததை நினைத்தால் அந்தப் பெருமைக்காகவே என்னை நாலு சாத்துச் சாத்தலாம்.

கறுப்பு வண்டி ஆசை எனக்குத் துபாயில் வந்ததில்லை. எங்கள் ஊர் குடவாசலுக்கும் நன்னிலத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா பண்ணை வீட்டில் வேலை பார்த்தவர், அவருடைய அப்பாவும் அங்கேதான். எனக்கு ஆறேழு வயதிருக்கும்போது அறுவடை முடிந்த ஒரு நாள் அப்பாவோடு பண்ணை வாசலுக்குப் போனேன். அங்கே பண்ணையாரின் கறுப்பு வண்டி நின்றது. கதவில் என் முகம் தெரிந்தது. எங்கள் வீட்டில் இருந்த கண்ணாடியில் அவ்வளவு பெரிதாக என் முகத்தை நான் பார்த்ததில்லை. மூக்கைத் தொட்டுப் பார்க்கலாம் என்று விரலை வைத்தேன். டிரைவர் எங்கிருந்தோ ஓடிவந்தார். "தொடாத! தொடாதடா! யார் வீட்டுப் புள்ள இது?" என்று கத்தினார். கணக்குப்பிள்ளை எழுந்து வந்தார், களத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அப்பாதான் பேச்சு வாங்கினார். புள்ளையை வளர்க்கத் தெரியாதவன், கொண்டுவந்து விட்டுட்டு வேடிக்கை பார்க்கிறவன் என்று இன்னும் என்னென்னவோ. அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை, எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. பிறகு இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, கதவில் என் விரல் பட்ட இடத்தைத் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

துபாய்க்குப் போன ஒன்பதாவது வருஷம் விடுமுறையில் வந்து, தஞ்சாவூரில் ஒருவர் விற்ற பழைய கறுப்பு வண்டியை வாங்கினேன். கறுப்பா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. "வெயில் அடிக்கிற ஊர்ல சட்டி கணக்கா கறுப்புல வாங்கியிருக்கானே" என்றார் ஒரு மாமா. அம்மா கோயிலுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம், பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். அதுவரை நான் நல்ல பிள்ளைதான். அம்மா பானட்டின் மேல் மூன்று இடத்தில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். அது காய்ந்தால் பிடித்துக்கொள்ளும் என்று நான் ஈரத்துணியோடு பாய்ந்து, அவள் கண்ணெதிரிலேயே துடைத்துவிட்டேன். அம்மா குங்குமச் சிமிழை மூடிக்கொண்டாள். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். துபாய்க்குப் போய் வந்தபிறகு அதற்கு மரியாதையும் கூடிவிட்டது, யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

விடுமுறை முழுக்க அந்த வண்டிக்குப் பாலிஷ் போட்டேன். வீட்டுப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு நிறுத்தினேன். ஒரே ஒரு தொல்லை, தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் உப்பு. துணியில் வெளுப்புத் தட்டும், குடத்தில் படை படையாக ஒட்டும். கறுப்பு வண்டியில் அது காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்து, பிறகு எடுக்கவே முடியாது. அதனால் வாய்க்காலிலிருந்து ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் எடுத்துவந்து துணியில் வடிகட்டிக் கழுவினேன். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது.

கிளம்புகிற அன்று வாசலில் எல்லோரையும் நிற்கவைத்துச் சட்டம் போட்டேன். எல்லோரும் என்றால் அப்பா, அம்மா, என் சிநேகிதன், அவ்வளவுதான். சிநேகிதன் எங்கள் தெருக்காரன்தான். பத்தாவது வரைக்கும் ஒன்றாகப் படித்தோம். அவன் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறான். ஆறடிக்கு மேலே உயரம், பஸ்ஸில் குனிந்துதான் நிற்பான். ஞாயிற்றுக்கிழமை தோறும் வண்டியைக் கிளப்பிக் குடவாசல் வரைக்கும் போய்வர வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும் என்று அவனிடம் சாவியைக் கொடுத்தேன். கையில் ஏதோ வைக்கப்போனேன். "இதுக்குக் காசு வாங்குனா நான் உன் டிரைவர். வாங்கலன்னா உன் மாப்ள. எது வேணும்?" என்று சிரித்தான். பிறகு வீட்டுக்காரர்கள் பக்கம் திரும்பினேன்.

"போர் தண்ணி ஒரு சொட்டு படக்கூடாது. ஆத்துத் தண்ணிதான். யாரும் தொடாதீங்க. சரியா? யாரும் தொடக் கூடாது."

அப்பா தலையாட்டினார். எந்த வார்த்தையைச் சொல்கிறேன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. வாராவாரம் வீட்டுக்குப் போன் போடுவேன். அம்மா எடுத்து அப்பாவிடம் கொடுப்பாள். நான் கேட்கிற முதல் கேள்வி, "வண்டி எப்படி இருக்கு? தூசி இல்லையே?" என்பதுதான். அப்பாவுக்கு ஒரு தடவை கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷன் முடிந்த வாரமும் நான் வண்டியைத்தான் முதலில் கேட்டேன் என்று அம்மா பின்னால் சொன்னாள். எனக்கு ஞாபகம் இல்லை. இல்லை என்று மறுக்கவும் முடியவில்லை. அப்பா ஒவ்வொரு வாரமும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"பளபளன்னு இருக்குப்பா. மொகம் தெரியுது."

நான் திரும்பிப் போனதிலிருந்து ஒன்றரை வருஷத்துக்குக் காவிரியில் தண்ணீர் சரியாக வரவில்லை. வாய்க்கால் பிளந்து கிடக்கிறது, போர் இருக்கிறவன் மட்டும்தான் நட்டிருக்கிறான் என்று அம்மா போனில் சொன்னாள். துபாயில் என்னோடு தங்கியிருந்த நம்ம பக்கத்து ஆட்கள் எல்லோர் வீட்டிலிருந்தும் அதே செய்திதான் வந்தது, கேட்டுக்கொண்டேன். ஆற்றில் தண்ணீர் இல்லை என்றால் என் வண்டியை எந்தத் தண்ணீரில் கழுவுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாள் முழுக்கத் தண்ணீரும் துணியுமாக நிற்கிறவன் நான்.

இரண்டு வருஷம் கழித்துத் தை மாதம் வந்தேன். அந்த வருஷம் ஆறு ஓடி, வயல் விளைந்து, ஊரெல்லாம் அறுப்பு. மன்னார்குடியில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். வருகிற வியாழக்கிழமை போவதாகப் பேச்சு. என் வண்டியில், அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து, அந்தத் தெருவுக்குள் போய் இறங்க வேண்டும் என்று நான் துபாயில் படுக்கையில் கிடந்து எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வந்த மறுநாள் காலை என்னிடம் இருந்த இன்னொரு சாவியால் கிளப்பி, கொட்டகையிலிருந்து வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தேன். வெயில் பட்டது.

கதவுகள், பானட், டிக்கி எங்கும் கோடுகள். ஒன்றிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்று. கறுப்பே தெரியாமல் சாம்பல் பூத்துக் கிடந்தது. கதவில் முகம் தெரிந்தது, ஆனால் அதன்மேலும் கோடுகள்.

சிநேகிதனுக்கு நான் வந்த செய்தி அதற்குள் போயிருந்தது. கையில் நாட்டுக்கோழி ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய வந்தான். நான் அவனை வா என்றுகூடச் சொல்லவில்லை.

"என்னடா பண்ணி வச்சிருக்க வண்டிய?"

"என்ன மாப்ள?"

"கண்ணு தெரியலயா? குடவாசல் வரைக்கும் போயிட்டு வான்னா, எங்கடா ஓட்டுன? கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டியா? ரோட்டுல உளுந்து காயப்போட்டிருப்பானுங்க, அது மேல ஏத்துனியா? மிஷின்ல தொடைக்கிற அழுக்குத் துணிய எடுத்து இதையும் தொடச்சியா?"

"மாப்ள, நான் ஓட்டுறதோட சரி."

"அப்ப தானா வந்துச்சா இதெல்லாம்? உன்னை நம்பிக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். நெல்லு மிஷின் ஓட்டுறவன்கிட்ட காரைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொன்னேன். தெருவில் நாலைந்து பேர் நின்றார்கள், அவர்கள் காதில் விழட்டும் என்றே சொன்னேன். அப்பா கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சிநேகிதன் அவரை ஒரு தடவை பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, பானட் மேல் வைக்கப்போனவன் நிறுத்திக்கொண்டு, குனிந்து தரையில் வைத்தான். கோழியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அம்மா அன்றைக்கு அந்தக் கோழியை அடிக்கவில்லை, கால் கட்டை அவிழ்த்து விட்டுவிட்டாள்.

பாலிஷ் மிஷினைத் துபாயிலிருந்து கொண்டுவந்திருந்தேன். ஆற்றுத் தண்ணீர் எடுத்து, கழுவி, காயவைத்து, நிழலில் நிறுத்தி ஒவ்வொரு இடமாகப் போட ஆரம்பித்தேன். மிஷின் ஓடுகிற இரண்டு நாளும் வாய்க்குள்ளேயே அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்பா காலையில் எழுந்து நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுவார். மூட்டை தூக்குகிற வயதில்லை, கொட்டிக் கிடக்கும் நெல்லைக் கூட்டித் தூற்றுகிற வேலை. நான் சம்பாதித்து அனுப்பியும் அவர் அந்த வேலையை விடவில்லை, சும்மா உட்கார்ந்தால் உடம்பு பிடித்துக்கொள்கிறது என்பார். மாலையில் வருவார், கொட்டகைப் பக்கமே வராமல் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே போவார். மிஷின் சத்தம் அவருக்கு ஆகவில்லை என்று நினைத்தேன்.

மூன்றாவது நாள் வண்டியின் கூரைக்கு வந்தேன். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால் கூரையின் நடுவில் ஒரு கோடு இல்லை. நான் இரண்டு வருஷத்துக்கு முன் போட்ட பாலிஷ் அப்படியே இருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குக் கீறல், அதற்குமேல் கை எட்டவில்லை. ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிநேகிதன் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் கூரையில் அந்தப் பக்கத்து ஓரம் வரைக்கும் எட்டும். இன்னும் பாலிஷ் போடாத வலப்பக்கக் கதவுகளைப் போய்ப் பார்த்தேன். கோடுகள் எல்லாம் குட்டைக் குட்டையாக, இடக்கைக்காரன் துடைத்த மாதிரி ஒரே பக்கம் வளைந்திருந்தன. அப்பாவுக்கு முன்னொரு காலத்தில் நெல் மூட்டை சரிந்து விழுந்து வலது தோள் போனது. அந்தக் கையை அவரால் மேலே தூக்க முடியாது, சாப்பிடுவதைத் தவிர எல்லாவற்றையும் இடக்கையால்தான் செய்வார். கீறலைப் பார்த்து ஆளைச் சொல்கிறவன் நான். மூன்று நாளாக அந்தக் கோடுகளுக்கு ஒரு அடி தள்ளித்தான் என் முகம் இருந்தது.

கொடியில் அப்பாவின் துண்டு கிடந்தது. எடுத்து என் கன்னத்தில் வைத்தேன். உடனே அரித்தது. நெல் தூற்றுகிறவர்களின் துணியில் ஏறுகிற சுணை, கண்ணுக்குத் தெரியாத முள். எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. சின்ன வயதில் அப்பா தூக்கினால் கழுத்தெல்லாம் தடித்துவிடும் எனக்கு.

அன்று மாலை அவர் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, வண்டியத் தொடச்சது நீங்களா?"

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "ஆமாம்ப்பா."

"துண்டாலயா?"

"வேற என்ன இருக்கு எங்கிட்ட."

"தண்ணி ஊத்தாமயா?"

"போர் தண்ணி படக்கூடாதுன்னு நீதானப்பா சொன்ன. அப்ப ஆத்துல தண்ணி இல்ல. பக்கத்துலயே களம், அறுப்புன்னா ஒரே தூசி. நீ வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கேப்ப. தூசியா இருக்குன்னு எப்படிச் சொல்றது? தெனம் ரெண்டு வேள தொடச்சுருவேன். கோடு விழுந்தது எனக்குத் தெரியலப்பா. கண்ணு ஆபரேசனுக்கு அப்புறந்தான் தெரிஞ்சிது. அப்பயும் தொடச்சா போயிரும்னு இன்னும் நல்லா தொடச்சேன்."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.  அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல? அவன் அத்தனை பேச்சும் வாங்கிட்டுப் போறான், நீங்க பாத்துக்கிட்டே நிக்கிறீங்க."

 அவர் விரல்களில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். தெருவே நின்னுச்சு. அத்தன பேர் முன்னாடி நீ என்னையும் அப்படிக் கேட்டுட்டேன்னா? பண்ணை வாசல்ல நான் வாங்காத பேச்சு இல்ல. அது அங்க. நம்ம வாசல்லயும் நின்னு வாங்கணுமான்னு இருந்துச்சுப்பா."

அவர் என்னைக் குற்றம் சொல்கிற மாதிரி அதைச் சொல்லவில்லை. கால் வலிக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். நான் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். கேட்டிருப்பேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெட்கமாக இருந்தது. பண்ணை வாசலில் நின்ற டிரைவரை எத்தனை வருஷமாக மனதுக்குள் வைத்து வறுத்தெடுத்திருக்கிறேன். அவருடைய குரல் எப்போது என் வாய்க்குள் வந்தது என்று தெரியவில்லை. அப்பா மீதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து கை கழுவினார்.

மறுநாள் சிநேகிதனைத் தேடிப் போனேன். வடக்கு வெளியில் மிஷினை வரப்போரம் நிறுத்திவிட்டு, கீழே படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். என் காலைப் பார்த்தே தெரிந்துகொண்டான், வெளியே வரவில்லை.

"தப்பு எம்மேலதான்டா. அப்பாதான் தொடச்சிருக்காரு."

"தெரியும்."

"தெரியுமா?"

அவன் நிதானமாக வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வரேன், எனக்குத் தெரியாதா? ஒருநா சொல்லிப் பாத்தேன். மாமா, காஞ்ச துணியால தொடைக்காதீங்க, கீறும்னேன். அவருக்கு மொகம் செத்துப் போச்சு. வெள்ளிக்கெழம கேப்பான்டா, நான் என்ன சொல்லுவேன்னாரு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லடா. அன்னிக்கு வாசல்ல நின்னப்பவாவது."

"சொன்னா? அந்தப் பேச்ச நீ அவரப் பாத்துப் பேசுவ. நான்னா வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னுட்டுப் படுத்துருவேன். அவரு எங்க போவாரு?"

 பக்கத்து வயலில் நெல் சாய்ந்து கிடந்தது. அதை அறுக்க இவனுக்காகத்தான் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை மன்னார்குடிக்கு நீ வர வேண்டும், நீதான் வண்டியை ஓட்ட வேண்டும் என்றேன். அவன் சிரித்தான், பழைய சிரிப்புதான்.

"காரெல்லாம் நமக்கு ஒத்து வராது மாப்ள. நெல்லு மிஷின் ஓட்டுறவன்." சொல்லிவிட்டு ஏறி மிஷினைக் கிளப்பினான். பிறகு நான் கத்தியது அவன் காதில் விழவில்லை.

என் கல்யாணத்துக்கு வந்தான், பந்தி பரிமாறினான், என் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினான். இன்றைக்கும் தெருவில் பார்த்தால் நின்று பேசுவான். ஆனால் என் வண்டிச் சாவியை அவன் அப்புறம் தொடவே இல்லை.

வியாழக்கிழமைக்குள் கோடுகள் அத்தனையையும் எடுத்துவிட்டேன். தொழில் அது, என்னால் முடியாதது இல்லை. புது வண்டி மாதிரி நின்றது. காலையில் அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கொட்டகைக்கு வெளியே நின்றார். தோளில் துண்டு இல்லை. அம்மா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்பா மட்டும் கதவுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றார்.

"ஏறுங்கப்பா."

"நீயே தொறந்து விடுப்பா. எங் கை ஏதாவது பட்டுரும்."

சுற்றிக்கொண்டு வந்து திறந்துவிட்டேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வேட்டியின் பின்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஏறினார். செருப்பை மடியில் வைத்துக்கொள்ளப் போனார், நான் வாங்கிக் கீழே வைத்தேன். கதவைச் சாத்தியபோது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

குடவாசலைத் தாண்டினோம். இரண்டு பக்கமும் அறுப்பு நடந்துகொண்டிருந்தது, தூசி எழும்பி வண்டியின் மேல் படிந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி ஓட்டினேன். அப்பா சீட்டின் நுனியில், இரண்டு கையையும் முட்டியின் மேல் வைத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பள்ளம் வந்தால்கூட எதையும் பிடிக்கவில்லை. அம்மா பெண் வீட்டைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். அவள் கொஞ்சம் நிறுத்தியபோது, அவர் என் பக்கம் திரும்பாமல் ரோட்டைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"முதுகு வலிக்குதுப்பா. சாஞ்சுக்கலாமா?"

"சாஞ்சுக்கங்கப்பா," என்றேன். இன்னொரு தடவையும் சொன்னேன். சரிப்பா, சரிப்பா என்று தலையாட்டினார். மன்னார்குடி வரும் வரைக்கும் அவர் சாயவில்லை.